ஆய்வேட்டுக்குக் கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதுகலை ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர்கள் பலர், முந்தைய ஆண்டுகளின் ஆய்வேடுகளைப் புரட்டி, அவற்றில் அடிக்கடி தென்படும் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற வினாவைத் தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதை, எந்தக் கோட்பாட்டின் கலைச்சொல்லும் கலவாமல், ஒரே வினாவாக முதலில் எழுதுங்கள்.

சொட்டுநீர்ப் பாசனத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்வோம். ஓர் ஊரில் முதலில் இதை ஏற்றவர்கள் யார், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு எப்படிப் பரவியது என்று கேட்டால், எவரெட் ரோஜர்ஸ் 1962இல் விரித்துரைத்த புதுமைப் பரவல் கோட்பாடு பொருந்தும். பழைய முறையைவிடக் கூடுதலான நன்மை, வழக்கத்தோடு ஒத்துப்போதல், கையாள்வதில் உள்ள சிக்கல், சிறிய பரப்பில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு, பலன் பிறர் கண்ணுக்குத் தெரிதல் ஆகிய ஐந்து பண்புகளை அது ஆராயச் சொல்கிறது. தனி விவசாயியின் மனத்தில் முடிவு எப்படி உருவாகிறது என்பது உங்கள் வினாவானால், அவரது மனப்பான்மை, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பு, தம்மால் இயலும் என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் கருதும் ஐசெக் அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு ஏற்றது. ஒரே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் பலர் தமக்குள் எவ்வாறு ஒழுங்கு வகுக்கிறார்கள் என்று கேட்டாலோ, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமின் பொதுவள ஆய்வுகளிடம் செல்ல வேண்டும்.

களத்தின் நிலையும் வினாவை மாற்றிவிடும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 விழுக்காடு மானியம் உண்டு. அங்கே செலவைக் கொண்டு விளக்கக்கூடியது மிகக் குறைவு. துளைகளில் உப்பு படிந்து அடைத்த பிறகும், எலி குழாயைக் கடித்த பிறகும் அதைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் யார் என்பதே பயனுள்ள வினா என நான் கருதுகிறேன்.

கோட்பாட்டை உறுதிசெய்யுமுன், அதன் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே, களத்தில் அதை எந்தக் கேள்வியால் அல்லது எந்த நேரடிக் கவனிப்பால் அறிவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எழுத இயலாத கருத்து, கோட்பாட்டைக் கூறும் இரண்டாம் இயலில் விளக்கப்பட்டு, தரவை அலசும் நான்காம் இயலில் காணாமற்போகும். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவதும் அதுவாகவே இருக்கும். காலத்தையும் கணக்கிடுங்கள். பரவலை ஆராய, ஒவ்வொருவரும் குழாய் அமைத்த ஆண்டு தெரிய வேண்டும்; பொதுவள ஆய்வுக்கு ஊரிலேயே தங்கிப் பேச்சுகளைக் கேட்க வேண்டும்; மூன்று மாதமே கையில் இருந்தால் இது ஓர் ஊருக்கு மேல் இயலாது.

இரண்டு கோட்பாடுகளை இணைக்க விரும்பினால், இரண்டும் ஒரே அலகைப் பற்றிப் பேசுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தனி மனிதரையும் மற்றொன்று ஊரையும் அலகாகக் கொண்டால், திரட்டிய தரவு இரண்டில் ஒன்றுக்குப் போதாமற்போகும். விலக்கிய கோட்பாட்டை ஏன் விலக்கினீர்கள் என்பதையும் ஒரு பத்தியில் எழுதி, வினாநிரலை அச்சிடுமுன் நெறியாளரிடம் காட்டுங்கள்.