வெளிநாட்டுப் பார்சல்: தோட்டப்புற ஊர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் பார்சல் பேச்சு ஆரம்பித்துவிடும். சூரத் சேலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, குவாங்சோவிலிருந்து புல்வெட்டும் மெஷினுக்கு உதிரிபாகம். புதிதாக வாங்க வருகிறவர்கள், முன்பு வாங்கியவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள். அளவு பார்க்காமல் ஜாக்கெட் வாங்குவதையும் மதிப்பெண்ணே இல்லாத கடைக்குக் காசு கட்டுவதையும் இங்கே பேசப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

"இன்வாய்ஸில் குறைச்சுப் போடுங்கண்ணே"

கேட்டாலே எரிச்சல் வருகிற வாசகம் இது. பல நேரம் வாங்குகிறவர் கேட்கக்கூட வேண்டாம், விற்பவரே முந்திக்கொள்வார்: "கவலைப்படாதீங்க மேடம், கிப்ட்னு எழுதி நாற்பது டாலர் போட்டுடறேன்."

தையல் தொழில் செய்யும் ஒரு பெண் இதற்குத் தலையாட்டினார். 12 சேலை, விலை 1,900 வெள்ளி (ரிங்கிட்), கூரியர் 210 வெள்ளி. இன்வாய்ஸிலோ 40 டாலர். கஸ்தம், அதாவது சுங்கத்துறை, சோதனையில் பார்சலைப் பிரித்தார்கள். ஜரிகைக் கரை போட்ட 12 சேலைகள், ஒவ்வொன்றின் முந்தானையிலும் கடைக்காரர் பிடுங்க மறந்த விலைச்சீட்டு. கூரியர் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: உண்மையான இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, பொருள் இருக்கும் இணையப் பக்கத்தின் லிங்க், மூன்றும் வேண்டும். அவர் பதறிப்போய் வங்கிச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். அதில் தெளிவாக 1,900 வெள்ளி. இன்வாய்ஸ் பொய் என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

சுங்க மதிப்பீட்டின் அடிப்படை, நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. காகிதத்தில் இருக்கும் எண்ணில் சந்தேகம் வந்தால் அதிகாரி அதை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. காசு கொடுத்து வாங்கிய சரக்கின் மீது 'கிப்ட்' என்று ஒட்டினால் வரி மறைந்துவிடாது. எழுதியவர் சூரத்தில் பத்திரமாக இருப்பார். இங்கே இறக்குமதியாளர் நீங்கள். பொய் அறிவிப்பு, 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் குற்றம். கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் படிவம் நிரப்பினாலும் அது உங்கள் பெயரில்தான் போகிறது.

இன்னொரு பக்கம் உண்டு, அதை யாரும் யோசிப்பதில்லை. பார்சல் வழியில் காணாமல் போனாலோ நனைந்து வந்தாலோ, இழப்பீட்டுப் பேச்சு அறிவித்த மதிப்பிலிருந்துதான் தொடங்கும். 1,900 வெள்ளிச் சரக்குக்கு 40 டாலர்.

இந்தத் தவறின் வேர் பேராசை இல்லை, கணக்குப் போடாதது. கணக்கு இப்படித்தான்: பொருள் விலை, காப்பீடு, போக்குவரத்து மூன்றையும் கூட்டுங்கள். அதன்மேல் இறக்குமதி வரி. அந்த இறக்குமதி வரியையும் சேர்த்த தொகையின்மேல் விற்பனை வரி, பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 விழுக்காடு. விற்பனை வரியே இல்லாத பொருளும் உண்டு. இறக்குமதி வரி 20 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காப்பீடு எடுக்கவில்லை, ஆக 1,900 + 210 = 2,110. இறக்குமதி வரி 422. இரண்டும் 2,532. அதில் 10 விழுக்காடு விற்பனை வரி 253.20. மொத்தம் 2,785.20 வெள்ளி. ஒரு சேலைக்கு 232.10. அந்தப் பெண்ணோ 1,900ஐ 12ஆல் வகுத்து, 158 வெள்ளி அடக்கம் என்று எண்ணி, ஒன்று 200 வெள்ளி என்று விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். நேர்மையாக வரி கட்டியிருந்தாலும் ஒவ்வொரு சேலைக்கும் 32 வெள்ளி கையை விட்டுப் போயிருக்கும். இதோடு, வரியை முன்கூட்டிக் கட்டி எடுத்துத் தந்ததற்குக் கூரியர் நிறுவனம் போடும் சேவைக் கட்டணம் வேறு. இந்தக் கணக்கை ஆர்டருக்கு முன்பே போட்டிருந்தால், அரை மணி நேரத்தில் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்குவது மேல் என்று தெரிந்திருக்கும்.

அப்படியும் வெளிநாட்டிலிருந்துதான் வேண்டும் என்றால், முதலில் பொருளின் எச்எஸ் குறியீட்டை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) சுங்கத்துறை இணையத்தளத்தில் தேடி, வரி விகிதத்தைப் பாருங்கள். பட்டும் பாலியெஸ்டரும் வேறு வேறு குறியீட்டில் விழும், அதனால் துணி என்னவென்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் 'டெக்ஸ்டைல்' என்று மொட்டையாக வேண்டாம். துணிவகை, எண்ணிக்கை, ஒன்றின் விலை, நாணயம், அனுப்பும் செலவு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். தள்ளுபடி உண்மையாகவே கிடைத்திருந்தால் அதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். 'வரி உட்பட' என்று விற்பவர் சொன்னால், டிடிபி முறையில், அதாவது வரியை விற்பவரே கட்டும் முறையில், அனுப்புகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். டிஏபி என்றால் வரி உங்கள் தலையில்.

"500 வெள்ளிக்குக் கீழே வரியே இல்லை"

பாதி உண்மை. விமானக் கூரியரில் வரும் 500 வெள்ளி வரையிலான சரக்குக்கு இறக்குமதி வரி விலக்கு இருக்கிறது, புகையிலை, மது போன்றவை நீங்கலாக. ஆனால் 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத விலையில் இணையத்தில் வாங்கி வரவழைக்கும் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது. இதைத்தான் எல்விஜி (குறைந்த மதிப்புப் பொருள்) வரி என்கிறார்கள். பதிவு செய்த விற்பனைத் தளங்கள் காசு கட்டும் இடத்திலேயே இதை வாங்கிவிடும். அந்த ரசீதை அழிக்காதீர்கள். பார்சல் வரும்போது மறுபடியும் விற்பனை வரி கேட்டால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

கூரியர் செலவை மிச்சம் பிடிக்க, மூன்று 300 வெள்ளிப் பொருளை ஒரே பெட்டியில் போடச் சொல்வதும் வழக்கம். இறக்குமதி வரி விலக்கு ஒரு சரக்குக்கு இவ்வளவு என்று பார்க்கப்படுகிறது. பெட்டி ஒன்றாகிவிட்டால் மதிப்பு 900. மிச்சம் பிடித்த கூலியைவிட வரி அதிகமாகலாம்.

கப்பலில் வரும் சரக்குக்கு இந்தக் கூரியர் விலக்கை எண்ணி உட்காராதீர்கள்.

தராசு காட்டும் எடை

விமானக் கூரியர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 60 × 40 × 40 பெட்டி 19.2 கிலோ. உள்ளே நான்கு கிலோ மெத்தை உறை இருந்தாலும் கூலி 19.2க்குத்தான். துணியைக் காற்று உறிஞ்சும் பையில் அடைக்கச் சொன்னாலே நன்றாகக் குறையும்.

சிக்னல் பூஸ்டர்

தோட்டத்து லயத்தில் போன் கோடு ஒன்றுகூட ஏறாது, உண்மைதான். அதற்காக வெளிநாட்டுத் தளத்தில் நூற்றைம்பது வெள்ளிக்கு விற்கும் பூஸ்டரை வாங்காதீர்கள். அனுமதி இல்லாத பூஸ்டர், பக்கத்துக் கோபுரத்தின் அலைவரிசையைக் கெடுத்து ஊருக்கே லைன் போக வைக்கும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆணையமான எம்சிஎம்சி இதைப் பறிமுதல் செய்யும். வாக்கி டாக்கி, டிரோன் போன்றவற்றுக்கும் சிரிம் (தரச்சான்று நிறுவனம்) சான்றிதழ் கேட்பார்கள். சிக்னல் பிரச்சினைக்கு உங்கள் தொலைபேசி நிறுவனத்திடமே புகார் கொடுங்கள்.

விதை, கொம்பு, கிழங்கு

ஊரிலிருந்து முருங்கை விதையோ மல்லிகைக் கொம்போ வரவழைக்க ஆசைதான். மாக்கிஸ் (தாவர, விலங்குச் சோதனைத் துறை) இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் அது போய்ச் சேரும் இடம் எரிக்கும் உலை. ரப்பர் ஊரில் இருப்பவர்கள் இதில் முணுமுணுக்கக் கூடாது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய், ரப்பர் பிறந்த பிரேசிலிலேயே தோட்டங்களைத் தலைதூக்க விடவில்லை. அது இங்கே வராமல் பார்த்துக்கொள்வதும் இதே சோதனைதான்.

பொத்தான் கத்தி

வேண்டாம்.

110 வோல்ட் மெஷின்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். செருகினால் புகைதான்.

"உங்க பார்சல் கஸ்தம்ல மாட்டிக்கிச்சு"

பார்சலே ஆர்டர் செய்யாத பாட்டிக்கும் இந்த அழைப்பு வருகிறது. சுங்கத்துறை அதிகாரி யாரும் போனில் தனிநபர் வங்கிக் கணக்கு எண் கொடுத்து வரி கட்டச் சொல்ல மாட்டார். குழப்பம் எங்கே என்றால், கூரியர் நிறுவனம் உண்மையாகவே வரி கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்புவதும் உண்டு. அதனால் வந்த லிங்க்கைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டி, ஆர்டரில் உள்ள பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரி உண்மையென்றால் அங்கேயே தெரியும். காசு ஏற்கெனவே போய்விட்டதென்றால் வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இருக்காமல் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997ஐக் கூப்பிடுங்கள், கூடவே உங்கள் வங்கியையும். அந்தக் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் பணம் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு.