டிஎச்சிபி சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன் கான்ஃபிக் கோப்பைச் சரிபார்க்கும் முறை

மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகம். அங்குள்ள கணினிகளுக்கெல்லாம் ஐபி முகவரி வழங்குவது உபுண்டுவில் ஓடும் ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வர் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சர்வர் தன் கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்பு விவரங்கள் எழுதப்பட்ட கோப்பை, தொடங்கும்போது மட்டுமே படிக்கிறது. ஆகவே காலையில் பிழையோடு சேமித்த கோப்பு யார் கண்ணிலும் படாமல் கிடந்து, மாலையில் மின்சாரம் போய்த் திரும்பும்போதுதான் சேவையை எழவிடாமல் நிறுத்தும். அப்போதும் லீஸ் (முகவரியை வைத்திருக்க அனுமதித்த கால அளவு) முடியாத கணினிகள் பழைய முகவரியிலேயே இயங்கக்கூடும் என்பதால், குறை கேபிளிலோ ஸ்விட்சிலோ இருப்பதாகவே தோன்றும்.

முதலில் கோப்பை அதே ஃபோல்டரில் வேறு பெயரில் நகலெடுத்து, நகலில் மட்டும் திருத்துங்கள். நகலை ஹோம் ஃபோல்டரில் வைத்தால், உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் அதைப் படிக்க விடாமல் தடுக்கக்கூடும். பிறகு சூடோ (நிர்வாகி) உரிமையுடன் 'டிஎச்சிபிடி -டி -சிஎஃப்' (dhcpd -t -cf) என்று தட்டச்சு செய்து, நகலின் முழுப் பாதையைக் கொடுங்கள். -டி என்பதிலுள்ள 't' சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். பெரிய எழுத்தானால், வழங்கிய முகவரிகளைப் பதிந்து வைக்கும் லீஸ் கோப்பும் சேர்த்துச் சோதிக்கப்படும். இரண்டிலும் சர்வர் எந்த முகவரியும் வழங்காது.

'27ஆம் வரியில் செமிகோலன் எதிர்பார்க்கப்படுகிறது' என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், 26ஆம் வரியின் முடிவை முதலில் பாருங்கள். சர்வர் சொல்வது தான் தடுக்கி நின்ற இடத்தை; விடுபட்ட செமிகோலன் பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில்தான் இருக்கும். மூடப்படாத அடைப்புக்குறியோ இன்னும் தொலைவில், சில நேரம் கோப்பின் கடைசி வரியில்தான் பிழையாக வெளிப்படும். வேர்டு கோப்பிலிருந்து ஒட்டிய வரிகளில் வளைந்த மேற்கோள்குறிகள் இருந்தால், அவற்றை அழித்து நேர்க்குறிகளாகத் தட்டச்சு செய்யுங்கள். முதற்பிழையைத் திருத்தியதும் மீண்டும் சோதியுங்கள், ஏனெனில் அடுத்து வரும் செய்திகள் பல அதன் விளைவாகவே இருக்கும்.

இலக்கணம் சரியாக இருப்பதாலேயே அமைப்பும் சரி என்று கொள்ள முடியாது. முகவரி வரம்பு சப்நெட்டுக்கு (அந்த நெட்வொர்க் பகுதிக்கு) வெளியே போனால் இச்சோதனை கண்டுபிடித்துவிடும், ஆனால் 192.168.10.0 நெட்வொர்க்கில் ரவுட்டர் முகவரியை 192.168.1.1 என்று எழுதினால் மறுப்பின்றி ஏற்கும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பிழையில்லை என்றான பிறகு பழைய கோப்பைப் பத்திரப்படுத்தி, நகலை அதன் இடத்தில் வைத்து, சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உடனே ஒரு விண்டோஸ் கணினியில் லீஸைப் புதுப்பித்து, அதில் வரும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாயில்) முகவரி ரவுட்டருடையதுதானா என்று பாருங்கள்.