விண்ணப்பத்துக்கு முன் கணினி மையம்

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர்களே, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே கணினி மையத்தாரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். பணம் வந்த பிறகு போனால் சர்வருக்கும் சேமிப்புக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்காது.

“நிறைய டேட்டா இருக்கு” என்று சொன்னால் போதாது, கணக்கோடு போங்கள். ஓலைச்சுவடியில் ஒரு பக்க ஸ்கேன் 100 மெகாபைட் என்று வைத்தால், 20,000 பக்கத்துக்கு 2 டெராபைட். மூன்று பிரதி வைக்க 6 டெராபைட் வேண்டும். யார் திறக்கலாம், எத்தனை வருடம் காக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், ஒரு பிரதியாவது வெளியூரில் இருக்கட்டும். 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’ என்ற இரண்டு புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. எல்லாப் பிரதியையும் ஒரே கட்டடத்தில் வைப்பது பெரிய ஆபத்து.