வைஃபை யார் பெயரில், ஓடிபி யார் கைக்கு?

ஓசூர் லைன் வீடுகளில் ஒரு பிராட்பேண்ட் கனெக்‌ஷனை நாலு வீடு பங்கு போட்டுக்கொள்வது சகஜம். காசுக்கு அது லாபம்தான். ஆனால் கனெக்‌ஷனுக்கு ஆதார் கொடுத்தவர் ஒருவர். பக்கத்து வீட்டு விருந்தாளி அந்த வைஃபையில் ஏதாவது வில்லங்கம் செய்தால், சைபர் கிரைம் போலீஸ் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்துத் தேடும்போது கம்பெனி எடுத்துக் கொடுப்பது அந்த ஒருவர் பெயரைத்தான். டேட்டா தீர்ந்துவிடுமே என்று படுகிற கவலையில் பாதிகூட இதைப் பற்றி யாருக்கும் இல்லை.

பங்கு போடாத வீடுகளில் வேறு கதை. ரவுட்டர் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டே வருஷக்கணக்காக ஓடும். மாற்றினால் டிவி, போன், கேமரா எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டுமே என்ற சோம்பல். ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு இதிலிருந்து வேறு, அதையும் மாற்றுங்கள். வருகிறவர்களுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் போதும், பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது.

கனெக்‌ஷன் போட வந்த பையன் அவசரத்தில் தன் மொபைல் நம்பரையே பதிவு செய்துவிட்டுப் போவதும் உண்டு. அப்புறம் பிளான் மாற்றவோ லைனைத் துண்டிக்கவோ ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டுவிட்டால் யாரைத் தேடுவது? பில்லில் உள்ள நம்பர், மெயில் உங்களுடையவைதானா என்று இன்றே பாருங்கள்.

வேகம் வரவில்லை என்றால் ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். தூரத்து அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும்.

பெரிய ஓட்டை ஆதார் பக்கம். பாலக்கோடு, அரூர் ஊர்களில் பெரியவர்களின் ஆதாரில் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர்தான் இருக்கும். அப்பா இ-சேவை மையத்தில் நின்றுகொண்டு, “ஏம்ப்பா, ஓடிபி வந்துச்சா?” என்று போன் செய்வார். மகன் மீட்டிங்கில் இருப்பான், படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிடுவான். எந்த வேலைக்கு வந்த ஓடிபி என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும், அதைப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. இதைவிட மோசம், ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட பழைய நம்பர் ஆதாரில் கிடப்பது. கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும், உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதார் பிடிஎஃப் அனுப்பினால், பிரிண்ட் எடுத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். தெரிந்தவர் எவரும் ஊகித்துவிடலாம். முழு எண் கேட்காத இடங்களுக்கு, முதல் 8 இலக்கங்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரையே கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள்.

பத்திர நகல்களிலிருந்து கைரேகையை எடுத்துப் போலி ரேகை செய்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை உருவிய வழக்குகள் உண்டு. அதனால் ஆதாரின் அதிகாரபூர்வ செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வைப்பது நல்லது. ஆனால் பூட்டியதை மறந்து ரேஷன் கடைக்குப் போய், மெஷின் ரேகையை ஏற்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிஷத்துக்குத்தான், வரிசையில் உங்கள் முறை நெருங்கும்போது திறந்தால் சரியாக இருக்கும். அதற்கும் ஆதாரில் பதிவான நம்பர் கையில் இருக்க வேண்டும்.