டிசம்பர் விடுமுறைக்கு முன், சிங்கப்பூரிலிருந்தே ஆற்று ஐஸைக் கணிப்பது எப்படி?

நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பாதியில் தொடங்கிவிடும். வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் ஓடும் சோங்ஹுவா ஆறு உறைந்து மூடுவதும் வழக்கமாக நவம்பர் கடைசியில்தான். ஆக, குடும்பத்தோடு போய் இறங்கும்போது ஆற்றின்மேல் கிடப்பது சில நாள், மிஞ்சினால் சில வாரம் ஆன இளம் ஐஸ். பயண முகவர் அனுப்பும் படத்தில் ஐஸ்மேல் குதிரை வண்டி ஓடும். அது எந்த மாதத்துப் படம் என்று மட்டும் எழுதியிருக்காது. ஐஸ் நடக்கத் தாங்குமா என்று கணிக்க, டிக்கெட் போடும்போது கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் குளிரைக் கணக்கிட்டு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளம்பும் வாரத்தில் இந்த ஆண்டுக்கு அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு நாளின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி. அது பூஜ்ஜியத்துக்குக் கீழே எத்தனை டிகிரியோ, அதை அந்த நாளின் குளிர்ப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 10 என்றால் 10 புள்ளி. சராசரி பூஜ்ஜியத்துக்கு மேலே போன நாளுக்கு அதே அளவு கழித்துவிடுங்கள். மொத்தப் புள்ளிக்கு வர்க்கமூலம் எடுத்து, ஆற்றின் தன்மைக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் தடிமன் சென்டிமீட்டரில் வரும். 1891இல் இயற்பியலாளர் யோசெப் ஸ்டெஃபான் வெளியிட்ட ஐஸ் வளர்ச்சிக் கோட்பாட்டின் சுருக்கம் இது. மேலே பனி விழுந்துகிடக்கும் சராசரி ஆற்றுக்கு அந்த எண் 1.4 முதல் 1.7 வரை. காற்றுப் படாத சிற்றாற்றுக்கு 0.7 முதல் 1.4. காற்று வீசும், பனி தங்காத ஏரிக்கு 2.7 வரை போகும். ஏரிக்கான எண்ணை ஆற்றுக்குப் போட்டால் விடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஐஸ் நவம்பர் 25 அன்று மூடுகிறது, அடுத்த 15 நாளும் சராசரி மைனஸ் 10. மொத்தம் 150 புள்ளி, வர்க்கமூலம் 12.2. அதை 1.4ஆல் பெருக்கினால் 17 செ.மீ., 0.7ஆல் பெருக்கினால் 8.5 செ.மீ. ஒரே குளிர்தான், ஓர் ஆற்றில் நடக்கலாம், இன்னொன்றில் கூடாது. எப்போதும் கீழ் எண்ணை வைத்தே முடிவெடுங்கள்.

இந்தக் கணக்கைக் கெடுப்பவை மூன்று. குளிர் பூஜ்ஜியத்தைத் தொட்ட முதல் நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவது முதல் தவறு. ஓடும் நீர் முழுவதும் பூஜ்ஜியத்துக்கு வந்து, மேல்பரப்பு மூடிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அடுத்தது, கனமாக விழும் பனி. அது போர்வைபோல் குளிரைத் தடுப்பதால், பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் ஐஸ் மெதுவாகவே தடிக்கும். மூன்றாவது, வெப்பநிலையை ஊருக்கு வெகுதொலைவில் உள்ள விமான நிலையத்திலிருந்து எடுப்பது. நகரத்தின் நடுவே ஓடும் ஆறு அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்.

ஐஸ் மூடிய தேதியைக் கண்டுபிடிக்க கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் பட இணையதளத்தைத் திறந்து சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களைப் பாருங்கள், கட்டணம் இல்லை. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர் என்பதால் 50 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஆற்றில் கரையும் நீரும் கலந்துதான் தெரியும். இயல்பு வண்ணத்தில் மேகமும் பனியும் ஒன்றுபோல வெள்ளையாக இருக்கும். குறுஅலை அகச்சிவப்பு (SWIR) கலவையைத் தேர்ந்தெடுத்தால் பனி நீலமாகவும் மேகம் வெள்ளையாகவும் பிரியும். ஆனால் பனி விழாத, கண்ணாடி போன்ற புது ஐஸ் இதிலும் கறுப்பாக, திறந்த நீர் போலவே தெரியும். அப்போது சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போங்கள். மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. நொறுங்கிக் குவிந்து உறைந்த ஐஸ் ரேடாரில் பளிச்சென்று தெரியும். வழுவழுப்பான ஐஸும் அமைதியான நீரும் இரண்டுமே கறுப்பு. ஒரே படத்தை வைத்துத் தீர்மானிக்காமல், செயற்கைக்கோள் ஒரே பாதையில் பறந்து எடுத்த மூன்று நான்கு படங்களைத் தேதி வரிசையில் ஒப்பிடுவதுதான் வழி.

ஆற்றங்கரைக் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. ஹார்பினும் சிங்கப்பூரும் ஒரே நேரம் காட்டும் ஊர்கள், ஆனால் டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வீடு வந்து பார்த்தால் இருட்டுதான். மதிய உணவு நேரத்தில் பாருங்கள்.

அடுத்து நீர்மட்டம். இங்கே நம் பழக்கம் நம்மை ஏமாற்றும். புக்கிட் தீமா கால்வாயில் மட்டம் ஏறினால் மழை என்று புரிந்துகொள்வோம். உறையும் ஆற்றில் மழையே இல்லாமல் மட்டம் ஏறும். ஐஸ் மூடியதும் நீருக்குக் கீழே மட்டுமல்ல, மேலேயும் உராய்வு வந்துவிடுகிறது. அதே அளவு நீர் ஓட அதிக ஆழம் தேவைப்படுகிறது. அதனால்தான் கனடாவின் அளவை நிலையங்கள் ஐஸ் பாதித்த நாட்களின் தரவுக்குப் பக்கத்தில் ‘பி’ என்று குறியிடுகின்றன. மூடிய பிறகு மட்டம் விறுவிறுவென்று இறங்கினால் அதிகம் கவலைப்படுங்கள்: ஐஸுக்கும் நீருக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து, தாங்க ஏதுமில்லாமல் ஐஸ் தொங்கிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் சட்டென்று ஏறினால் ஆற்றின் போக்கில் கீழே எங்கோ ஐஸ் அடைத்திருக்கிறது. அன்று கரையோரமும் வேண்டாம்.

இத்தனையும் மதிப்பீடுதான். கால் வைப்பதற்கு முன் துளையிட்டு அளந்தாக வேண்டும். அளவுகோலின் முனையில் ஒரு கொக்கி இருந்தால் ஐஸின் அடிவிளிம்பில் மாட்டி அளக்கலாம். துளையின் சுவரைப் பாருங்கள். தெளிவாக, நீலச் சாயலில் இருக்கும் ஐஸ்தான் முழு வலிமை உள்ளது. பனி நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி மதிப்பு: 8 செ.மீ. தெளிவு, 6 செ.மீ. வெள்ளை என்றால் 11 செ.மீ. என்றுதான் எழுத வேண்டும். கனடா செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் நடக்க 15 செ.மீ., கூட்டமாகச் சறுக்க 20, பனி ஸ்கூட்டருக்கு 25 என்கிறது. தடிமன் பாதியானால் தாங்கும் எடை கால்வாசியாகிவிடும் என்பதால் இந்த எண்களில் பேரம் பேச இடமில்லை.

ஆற்றில் ஒரு துளை போதாது. நீரோட்டம் அடியிலிருந்து அரிப்பதால் சில மீட்டரிலேயே தடிமன் மாறும். பாலத் தூண்கள், வளைவின் வெளிப்பக்கம், ஓடை வந்து கலக்கும் இடம், ஆலைக் கழிவுநீர்க் குழாயின் வாய் ஆகியவற்றை அளந்து பார்க்காமலே ஒதுக்கிவிடுங்கள்.

துளைக்கருவியைச் சாங்கியிலிருந்து சுமந்துபோகத் தேவையில்லை. உள்ளூர் வழிகாட்டியிடம் கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை இடத்தில் துளையிட்டார்கள், வெள்ளை எவ்வளவு, தெளிவு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலில் சென்டிமீட்டரே வராவிட்டால், நகர நிர்வாகம் வேலி போட்டுத் திறந்துவைத்திருக்கும் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.