பசும்பால் ஒவ்வாமை: கைக்குழந்தைக்கு ஸ்பெஷல் பவுடர் கொடுப்பது எப்படி?

மலத்தில் சளியும் ரத்தமும், ஓயாத அழுகை, கன்னத்தில் ஆறாத கரப்பான். இவை இருந்தால் குழந்தை மருத்துவர் பசும்பால் புரத ஒவ்வாமையைச் சந்தேகிப்பார். அதன் பிறகு வீட்டில் செய்ய வேண்டியவை இவை.

1. எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள்
பால் குடித்த 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வீசிங் வந்தால் அது உடனடி வகை. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தாமத வகை பெரும்பாலும் வயிற்றிலும் தோலிலும் தெரியும். சில நாட்கள் கழித்துக்கூட வரும்.

2. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்
பெரும்பாலும் அம்மா தன் சாப்பாட்டில் பால், தயிர், மோர், நெய், பால் கலந்த பிஸ்கட்டை விட்டாலே போதும். கால்சியம் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

3. சரியான டப்பா
குழந்தைக்குப் பவுடர் பால் தேவைப்பட்டால், பணமும் நாட்களும் வீணாவது இங்கேதான். ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பவுடரில் எடுத்திருப்பது பாலின் சர்க்கரையை. ஒவ்வாமை தரும் புரதம் அப்படியே இருக்கும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் உதவாது, அவற்றின் புரதம் பசும்பாலை ஒத்தது. 6 மாதத்துக்குள் சோயாவும் வேண்டாம்.

புரதத்தை ஒரு மணிமாலை என்று வையுங்கள். ‘ஹெச்.ஏ.’ (ஹைப்போ அலர்ஜெனிக்) என்று எழுதிய பவுடரில் மாலையை நாலைந்து துண்டாக அறுத்திருப்பார்கள், அது போதாது. ‘எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு’ என்பதில் பொடிப்பொடித் துண்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவே ஒத்துக்கொள்ளும். ‘அமினோ ஆசிட்’ பவுடரில் தனித்தனி மணிகள். கடுமையான ஒவ்வாமை, எடை ஏறாமை, முந்தையது பலன் தராமை ஆகியவற்றுக்கு மருத்துவர் இதை எழுதுவார்.

4. கலக்குவது
கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் அளந்து ஊற்றுங்கள். எவ்வளவு சூடு என்பது டப்பாவிலேயே இருக்கும். பிறகு அதே டப்பாவின் ஸ்கூப்பால் தலைதட்டி அளந்து போடுங்கள், குவித்துப் போடக் கூடாது. விலை கையைக் கடிக்கும்தான். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தையின் எடை விழும். குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

5. முகம் சுளித்தால்
இந்தப் பவுடர் கசக்கும், வாடையும் அடிக்கும். தேன், சர்க்கரை சேர்க்காதீர்கள். தாமத வகையாக இருந்து மருத்துவரும் சம்மதித்தால், பழைய பவுடரோடு சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கலாம். உடனடி வகைக்கு இது கூடவே கூடாது. மலம் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம்.

6. 2 முதல் 4 வாரம் கழித்து
குழந்தை தேறியதும் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பசும்பால் புரதத்தை மறுபடி கொடுத்துப் பார்த்தால்தான் ஒவ்வாமை உறுதியாகும். இல்லையென்றால் காரணமே இல்லாமல் குழந்தைக்குப் பால் மறுக்கப்படும். உடனடி வகைக்கு இந்தச் சோதனையை மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டும். உறுதியானால் 9 முதல் 12 மாத வயது வரை, குறைந்தது 6 மாதம், பாலைத் தவிர்த்துவிட்டு மருத்துவர் சொல்படி மீண்டும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதுக்குள் பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கிவிடும்.