ஓட்டுவதா, மூடி வைப்பதா? அரிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பழைய கார் என்று சொன்னால் மொறிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும்தான் முதலில் நினைவுக்கு வரும். எம்ஜி, ட்ரையம்ப், ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்ற இரண்டு இருக்கைக் கார்கள் இங்கே மிக அரிது. அப்படியொன்று கைக்குக் கிடைத்தவருக்கு, அதை ஓட்டி மகிழ்வதா அல்லது மூடி வைத்துக் காப்பதா என்ற தடுமாற்றம் ஏற்படுவது இயல்பே. எல்லாக் கார்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே விடை இதற்கு உண்டு என்று நம்புவதுதான் முதல் தவறு.

எத்தனை கார்கள் தயாரிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூப்பே உலகில் இரண்டே இரண்டு உள்ளன. அவற்றில் ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே உருவாக்கப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ கார்களில் பல இன்றும் பந்தயத் தடங்களில் ஓடுகின்றன; பிங்க் ஃபுளொய்ட் குழுவின் ட்ரம் கலைஞர் நிக் மேசன் தம்முடைய ஜிடிஓவைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருபவர். ஓட்டினால் எது அழியும், அழிந்ததை மீண்டும் உண்டாக்க முடியுமா என்பதையே நாம் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் பூசிய பெயின்றும் அன்று தைத்த தோல் இருக்கையும் மாறாமல் இருக்கும் காரில் ஒவ்வொரு கீறலும் நிரந்தர இழப்பு. ஐந்து இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டு, வெளியுடல் கூட இன்றும் புதிதாகக் கிடைக்கும் எம்ஜிபி ஒன்று ஏற்கெனவே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதை ஓட்டுவதால் தேய்வன எல்லாம் மாற்றக்கூடிய பாகங்களே.

அசையாமல் நிற்கும் கார் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை இரண்டாவது தவறு. நம் கரையோரத்தில் மிக அதிக சேதத்தை விளைவிப்பதும் இதுவே. அமெரிக்காவின் டல்சா நகரில் 1957இல் ஒரு புத்தம் புதிய பிளிமத் காரை நிலத்தடிக் கொங்கிறீற்று அறையில் வைத்து மூடி, 50 ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, அறைக்குள் புகுந்த நீரால் அது துருப்பிடித்துப் பாழாகிப்போயிருந்தது. நமக்கு அத்தனை காலம் தேவையில்லை. பிறேக் எண்ணெய்களில் பெரும்பாலானவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையவை என்பதால், அவற்றை மாற்றாமல் விட்டால் சிலிண்டர்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கின்றன. பெற்றோல் நாட்பட்டுப் பசையாகிக் காபரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. கிளட்ச் தட்டு எஞ்சினின் பறக்குஞ்சில்லோடு (ஃபிளைவீல்) ஒட்டிக்கொள்கிறது, ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன, ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் அங்கேயே தட்டையாகிறது. இவ்வளவும் நடக்கும்போது, துடைத்து வைத்த கார் வெளியே பளபளப்பாகவே தோன்றும்.

இந்த ஈரத்தை மேலும் கூட்டுவது பிளாஸ்டிக் விரிப்பு. மாரிகாலத்தில் மழை படக்கூடாது என்று காரின் மேல் இறுக்கிக் கட்டிய விரிப்புக்குள் நிலத்து ஈரம் ஏறி, இரவில் குளிர்ந்து, துளித்துளியாகத் தகட்டின் மேல் படிகிறது. காற்றுப் புகக்கூடிய பருத்தி விரிப்பும், சீமெந்துத் தரையும், இருபக்கமும் காற்றோட்டமும் உள்ள கொட்டிலே இங்கு ஏற்றது. எம்ஜி டிசி, டிடி, டிஎஃப் கார்களின் உடல், மரச் சட்டத்தின் மேல் பொருத்தப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. மண்தரைக் கொட்டிலில் அத்தகைய காரை நிறுத்துவது கறையானுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்குச் சமம். கதவு தொங்கும் வரை உரிமையாளருக்கு ஒன்றும் தெரியாது. மின்வயர்களை எலி கடிப்பது வேறு கதை.

வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்கள் ஊரிலுள்ள உறவினரிடமோ காவலாளியிடமோ சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கும்படி சொல்வது வழக்கம். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த யோசனை, எஞ்சினை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதைக் காட்டிலும் கெடுதியானது என்பது என் கருத்து. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகும். எஞ்சின் நன்கு சூடேறாத நிலையில் நிறுத்தப்பட்டால், அந்த ஆவி புகைக்குழாயிலும் எஞ்சின் ஒயிலிலும் நீராகத் தங்கி அமிலமாகிறது. பற்றரியும் இழந்த மின்னை ஐந்து நிமிடத்தில் மீட்பதில்லை. கியரும் பிறேக்கும் சில்லும் நின்ற இடத்திலேயே நிற்பதால் அவற்றுக்கும் பயனில்லை. மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, ஒயில் முழுமையாகச் சூடாகும் வரை, குறைந்தது அரை மணி நேரம் வீதியில் ஓட்டுவதே முறை. அதைச் செய்யத் தகுந்த ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்.

ஓட்டுவதென்று முடிவு செய்தவர்கள் எப்போது, எங்கே ஓட்டுவது என்பதில் தவறுகிறார்கள். கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் காத்தான்குடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை செல்லும் வீதி கடலை ஒட்டியது. உப்புக் காற்று காரின் அடித்தகடு முழுவதும் படியும். செங்கலடியிலிருந்து மகாஓயா நோக்கிச் செல்லும் உள்நாட்டு வீதி, கச்சான் வீசும் உலர் மாதங்களில், பகற்பொழுதில் இதற்கு மிகப் பொருத்தமானது. அந்தியில் யானைகள் கடக்கும் என்பதால் அதற்கு முன் திரும்பிவிட வேண்டும். கரையோரத்தில் ஓட்ட நேர்ந்தால் அன்றே அடிப்பகுதியை நன்னீரால் கழுவ வேண்டும். வீட்டுக் கிணற்று நீர் என்பதாலேயே அது நன்னீர் என்று கொள்ளக்கூடாது. 2004 சுனாமிக்குப் பின் உவர்ப்பேறிய கரையோரக் கிணறுகளை நாம் அறிவோம். உவர்நீரால் கழுவுவது உப்பைப் பூசுவதாகவே முடியும்.

பனி பெய்யாத ஊருக்குக் கூலன்ட் எதற்கு என்று றேடியேற்றரில் வெறும் தண்ணீரை ஊற்றுவதும் பரவலான பழக்கம். கூலன்டில் உறைவைத் தடுக்கும் பொருளோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் பொருட்களும் உண்டு. ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சினைப் போல அலுமினியத் தலை உள்ளவற்றுக்கு அது இன்றியமையாதது. இன்றைய கார்களுக்கான மெல்லிய ஒயிலும் பழைய எஞ்சினுக்கு ஆகாது. தேய்வைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ள 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயில் வகையே அக்காலத்துப் பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றுக்கு ஏற்றது. ஈயம் கலக்காத பெற்றோல் வால்வு இருக்கைகளை, அதாவது வால்வுகள் மூடும்போது படியும் விளிம்புகளை, தேய்த்துவிடும் என்ற அச்சம் மட்டும் சற்று மிகைப்படுத்தப்பட்டதாகவே எனக்குப் படுகிறது: வால்வு இருக்கைகள் தேய்வது நீண்டநேர அதிவேக ஓட்டத்தில்தான், மகாஓயா வரை நிதானமாகப் போய்வருவதில் அல்ல. அடுத்தமுறை எஞ்சினைப் பிரிக்கும்போது கடின வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொண்டால் போதும். டயரின் பூவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது அதைவிட ஆபத்தானது. பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2314 என்றிருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பத்து ஆண்டைக் கடந்த டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதில் வேகமாக ஓடக்கூடாது.

அன்றாடம் சந்தைக்கும் பாடசாலைக்கும் இக்காரையே எடுத்துச் செல்வது மறுமுனைத் தவறு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதிருத்தலையும் 30 ஆண்டு நிறைவையும் ஒரு வரலாற்று வாகனத்துக்குரிய பண்புகளாக வரையறுத்துள்ளது.

கராஜில் நடக்கும் தவறுகளைத் திருத்துவது கடினம். மூல எஞ்சின் பழுதானதும் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்திவிட்டு, பழையதை இரும்புக் கடைக்கு அனுப்புவது இந்நாட்டில் சாதாரணமாக நடந்துவந்திருக்கிறது. மாற்று எஞ்சினில் ஓடுவது குற்றமல்ல. பந்தயத்துக்கென்று மாற்று எஞ்சினைப் பொருத்தி மூலத்தைப் பத்திரப்படுத்துவோர் மேல்நாட்டிலும் உண்டு. எண் பொறித்த மூல எஞ்சினை விற்பதுதான் குற்றம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், அது ஓர் உடைந்த கைப்பிடியாக இருந்தாலும், பெயரெழுதி ஒயில் தடவி வைக்க வேண்டும். மங்கினாலும் ஒட்டியிருக்கும் பழைய பெயின்றைச் சுரண்டிப் புதிதாக அடிப்பதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

ஆராய்ந்த பின் மூடி வைப்பதே சரியென்று தெரிந்தால், அதையும் ஒரு வேலையாகவே செய்ய வேண்டும். பழைய ஒயிலை மாற்றி, காரை முட்டுகளில் ஏற்றி, கைப்பிறேக்கைத் தளர்த்தி, பற்றரியைக் கழற்றி, பெற்றோலை முழுவதும் வடித்துவிட வேண்டும். சிலிண்டர்களில் சிறிதளவு ஒயில் விட்டு மாதந்தோறும் எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். இவற்றோடு எஞ்சின் இலக்கம், சஸி இலக்கம், பதிவுப் புத்தகம் ஆகியவற்றைப் படமெடுத்து, அவற்றின் பிரதிகளைக் காருள்ள வீட்டில் அல்லாமல் வேறோர் ஊரிலுள்ள ஒருவரிடம் கொடுத்து வைப்பது, யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட இப்பகுதியில் மேலதிகமான எச்சரிக்கை ஆகாது.